ஒரு கூரை, பல தொழில்கள்

இரவு ஒன்பது மணி. தெம்பனிஸில் ஓர் அடுக்குமாடி வீடு. உணவு மேசையின் ஒரு முனையில் மகள் கணிதப் பாடம் செய்துகொண்டிருக்கிறாள். மறுமுனையில் அவளுடைய தாய், தாம் தைத்த குழந்தைகள் உடைகளை மடித்து, உறையிலிட்டு, முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறார். தையல் இயந்திரம் சுவரோரமாக ஓய்ந்திருக்கிறது. அதன் ஓசை கீழ்வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கும் என்பதால் இந்த நேரத்தில் அதை ஓட்ட இயலாது. துணிச்சுருள்கள் சோபாவை நிறைத்துக் கிடக்கின்றன. விருந்தினர் வந்தால் அமர இடமில்லை.

இப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்வது கடினமன்று. சிங்கப்பூரில் தையல், கேக் செய்தல், துணைப்பாடம், வரைகலை வடிவமைப்பு எனப் பல சிறுதொழில்கள் வீட்டில்தான் பிறக்கின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் சிறிய அளவில் தொழில் நடத்த அனுமதி உண்டு. ஆயினும், அதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. தையல், கேக் செய்தல் போன்ற தொழில்களில் அந்த வீட்டில் குடியிருப்போர் மட்டுமே வேலை செய்யலாம். வெளியாள்களைப் பணியில் அமர்த்தக் கூடாது. பெயர்ப்பலகை வைக்கக் கூடாது. இரைச்சல், புகை, கூட்டம் ஆகியவற்றால் அண்டைவீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது. அக்கம்பக்கத்தார் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே இந்த நிபந்தனைகளின் நோக்கம்.

தொழில் சிறியதாக இருக்கும்வரை இவற்றால் இடர் இல்லை. வாடிக்கையாளர்கள் பெருகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும்; வீட்டில் அதற்கு இடமில்லை. துணி வணிகரைச் சந்தித்துப் பேச வேண்டும். வரவேற்பறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, தனியாக ஓர் அலுவலகம் எடுக்கலாம் என்றால், முன்பணம் கட்டவேண்டும்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்யவேண்டும்; மேசை, நாற்காலி, இணைய இணைப்பு, அச்சுப்பொறி என அனைத்தையும் வாங்கவேண்டும். வீடு போதவில்லை, அலுவலகம் கட்டுப்படியாகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறி, நன்றாக நடந்துகொண்டிருக்கும் தொழிலையே கைவிடுவோரும் உண்டு. 

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளுள் ஒன்றுதான் கூட்டுப் பணியிடம்.

கூட்டுப் பணியிடம் என்பது யாது?

ஒரே நிறுவனத்தைச் சேராத பலர், ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு தத்தம் வேலையைச் செய்யும் இடமே கூட்டுப் பணியிடம். அங்கே ஒருவர் முழு அலுவலகத்தையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. ஒரு மேசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதையும் ஒரு மாதத்துக்கோ, ஒரு நாளுக்கோ எடுக்கலாம். சிலருக்கு நிலையான மேசை தேவைப்படும். வேறு சிலர் காலியாக இருக்கும் எந்த நாற்காலியிலும் அமர்ந்து வேலை செய்துகொள்வர். கூட்ட அறை, இணைய இணைப்பு, அச்சுப்பொறி, காப்பி கலக்கும் சிற்றறை ஆகியவை எல்லாருக்கும் பொது.

சில இடங்களில் மேசைகளோடு கருவிகளும் இருக்கும். முப்பரிமாண அச்சுப்பொறி, தையல் இயந்திரம், மின்னணுப் பாகங்கள் போன்றவற்றைக் கொண்டு புதிய பொருள்களைச் செய்து பார்க்கலாம். இத்தகைய இடத்தை ஆக்கக்கூடம் என்பர். தேசிய நூலக வாரியம் சில நூலகங்களில் நடத்தும் ‘மேக்இட்’ கூடங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மேசையும் கருவியும் மட்டுமன்றி, வழிகாட்டிகளின் அறிவுரையும் முதலீட்டாளர்களின் தொடர்பும் ஒருங்கே கிடைக்கும் இடம் புத்தாக்கக் கூடம் எனப்படுகிறது.

பெயர்கள் புதியவை. ஆனால், இடத்தைப் பகிர்ந்து தொழில் செய்யும் வழக்கம் சிங்கப்பூர்த் தமிழருக்குப் புதிதன்று. லிட்டில் இந்தியாவில் நடந்து செல்பவர் இதை எளிதில் காணலாம். ஒரே கடைவீட்டின் முகப்பில் ஒருவர் பூத்தொடுப்பார். உள்ளே இன்னொருவர் கைத்தொலைபேசி பழுதுபார்ப்பார். பின்புறத்தில் தையல்காரர் ஒருவர் அமர்ந்திருப்பார். வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதோடு, ஒருவரிடம் வரும் வாடிக்கையாளர் மற்றவரையும் பார்த்துவிட்டுச் செல்கிறார். இதற்கும் முற்பட்ட ஓர் எடுத்துக்காட்டு சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அருகில் இருந்தது.

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கினர். அவர்களின் முதன்மைத் தொழில் வட்டிக்குப் பணம் கொடுத்தல். ஐரோப்பிய வங்கிகளில் கடன் பெற இயலாத சிறு வணிகர்களும் தோட்டக்காரர்களும் அவர்களையே நாடினர். செட்டியார்கள் தொழில் நடத்திய இடம் கிட்டங்கி எனப்பட்டது. கிட்டங்கி என்ற சொல்லுக்குப் பண்டகசாலை என்பது பொருள். மார்க்கெட் ஸ்திரீட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இத்தகைய கிட்டங்கிகள் இருந்தன.

கிட்டங்கியின் கீழ்த்தளம் நீண்ட கூடம். நடுவில் நடைபாதை, இரு பக்கமும் வரிசையாகச் சிறு சிறு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு தாழ்வான மேசைப்பெட்டி, பணமும் பத்திரமும் வைக்க ஓர் அலமாரி. கணக்கர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து ஏட்டில் எழுதுவார். அந்தச் சிறு இடம்தான் ஒரு நிறுவனத்தின் முழு அலுவலகம். பக்கத்து இடம் வேறொரு நிறுவனத்துடையது. ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்துக்கு வாடகை செலுத்தினர். சமையலும் உணவும் பொதுவாக நடந்தன. வேலை முடிந்ததும் அதே கட்டடத்தில் உறங்கினர்.

இந்த அமைப்பில் செலவு குறைந்தது என்பது வெளிப்படை. ஆனால், அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் இருந்தது. கடன் கேட்டு வருபவர் நாணயமானவரா, முன்பு யாரிடமாவது வாங்கித் திருப்பித் தராமல் விட்டவரா என்பதைப் பக்கத்து மேசைக்காரரிடமே கேட்டறியலாம். ஒருவரிடம் கைவசம் பணம் குறைந்தால் மற்றொருவர் கொடுத்து உதவலாம். இளைஞர்கள் தொழில் கற்பதற்கும் கிட்டங்கியே பள்ளி. ‘பெட்டியடிப் பையன்’ என்ற பெயரில் சிறுவன் ஒருவன் மேசைப்பெட்டியின் அருகில் அமர்ந்து எடுபிடி வேலை செய்வான். பேச்சைக் கேட்டும் ஏட்டைப் பார்த்தும் கணக்கு கற்பான். பின்னர் ‘அடுத்தாள்’ ஆவான். திறமை இருந்தால் ‘மேலாள்’ ஆகவும் உயர்வான்.

கிட்டங்கியின் வலிமை நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அங்கிருந்தோர் ஒரே சமூகத்தினர். ஒரே வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒரே கோயிலில் வழிபட்டவர்கள். டேங்க் ரோட்டில் அவர்கள் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இன்றும் உள்ளது. ஒருவர் சொன்ன சொல் தவறினால் அந்தச் செய்தி கடல் கடந்து அவருடைய ஊருக்கே போய்ச் சேரும். எனவே, நம்பிக்கையைத் தனியே வளர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது அவர்களோடு கப்பலேறி வந்தது. ஆனால், அதே காரணத்தால் கிட்டங்கியின் கதவு மற்றவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. பெண்களுக்கோ பிற சமூகத்தாருக்கோ அங்கே மேசை கிடையாது.

நகரம் வளர வளர மார்க்கெட் ஸ்திரீட் வானுயர் கட்டடங்களின் பகுதியாக மாறியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன.

ஆளில்லாத முதல் மாதம்

இன்றைய பொருளில் ‘கூட்டுப் பணியிடம்’ என்ற பெயரைப் பரப்பியவர் பிராட் நியூபெர்க் என்னும் அமெரிக்க மென்பொருள் பொறியாளர். அவர் முன்னே ஒரு சிக்கல் இருந்தது. நிறுவனத்தில் சேர்ந்தால் உடன் பணிபுரிவோர் கிடைப்பர், சுதந்திரம் கிடைக்காது. வீட்டிலிருந்து தனியாக வேலை செய்தால் சுதந்திரம் உண்டு, பேசுவதற்கு ஆளில்லை. இரண்டும் ஒருசேரக் கிடைக்கக் கூடாதா என்று அவர் எண்ணினார்.

2005 ஆகஸ்ட் 9ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், வேறொரு குழுவினரின் இடத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அவர் ஒரு கூட்டுப் பணியிடத்தைத் தொடங்கினார். மடக்கு மேசைகளைக் காலையில் விரிப்பார். மாலையில் மடித்து வைப்பார். இணைய இணைப்பு இருந்தது. சேர்ந்து உண்ணும் மதிய உணவும் திட்டத்தில் இருந்தது. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. அவர் காப்பிக்கடைகளுக்குச் சென்று, அங்கே தனியாக மடிக்கணினியோடு அமர்ந்திருப்போரிடம் துண்டறிக்கை கொடுத்து அழைத்தார். அதன்பிறகே ஆள்கள் வரத் தொடங்கினர்.

இந்தச் சிறிய நிகழ்ச்சி ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது. மேசையும் இணைய இணைப்பும் தாமாக யாரையும் அழைத்து வருவதில்லை. இடம் ஆயத்தமாக இருந்தால் மட்டும் போதாது. அழைக்கவும் அறிமுகம் செய்யவும் ஒருவர் வேண்டும்.

இடிக்கப்படாமல் தப்பிய கட்டடம்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், ஆயர் ராஜா கிரசெண்டில் 71 என்ற எண்ணுடைய பழைய அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்று உள்ளது. பார்வைக்கு அதில் சிறப்பு ஏதுமில்லை. நீண்ட நடைக்கூடங்கள், ஒரே மாதிரியான கதவுகள், சரக்கு ஏற்றும் மின்தூக்கிகள். அதை இடித்துவிடத் திட்டம் இருந்தது. ஆனால், 2011இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைப்புப் பிரிவும், சிங்டெல் நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவும், அன்றைய ஊடக மேம்பாட்டு ஆணையமும் இணைந்து அந்தக் கட்டடத்தைத் தொடக்க நிறுவனங்களுக்கான இடமாக மாற்றின.

பழைய கட்டடமாக இருந்ததே அதற்கு நன்மையாயிற்று. வாடகை குறைவு. சுவரில் எழுதலாம், மேசைகளை இழுத்துப் போடலாம். விலை உயர்ந்த அலுவலகத்தில் தோன்றும் தயக்கம் அங்கே இல்லை. முதலீட்டாளர்களும் அதே கட்டடத்தில் அறை எடுத்தனர். புதிய எண்ணம் ஒன்றை முதலீட்டாளரிடம் விளக்க விரும்பியவர், நகரின் மறுகோடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மின்தூக்கியிலோ கீழே உள்ள காப்பிக்கடையிலோ அவரைச் சந்திக்கலாம்.

பழைய பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் ‘கரோசெல்’ செயலி இங்கு வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நண்பர்கள் மூவர் 2012இல் அதைத் தொடங்கினர். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து உடனே விற்கலாம் என்பதே அவர்களின் எளிய எண்ணம். 2014இல் ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழ் இந்தக் கட்டடத்தைத் தொழில்முனைவோர் மிக நெருக்கமாகக் குழுமியிருக்கும் இடமாக எடுத்துக்காட்டியது. பின்னர் ஜேடிசி கழகம், அருகிலிருந்த 73, 79 ஆகிய எண்களைக் கொண்ட கட்டடங்களையும் சேர்த்து ‘லாஞ்ச்பேட்’ என்னும் வளாகமாக விரிவுபடுத்தியது. ‘பிளாக் 71’ என்ற பெயர் கடல் கடந்தும் சென்றது. சான் ஃபிரான்சிஸ்கோ, ஜகார்த்தா முதலிய நகரங்களில் அதே பெயரில் கூடங்கள் திறக்கப்பட்டன.

இங்கே தொடங்கப்பட்ட எல்லா நிறுவனங்களும் வெற்றி பெறவில்லை. பல மூடப்பட்டன. ஆனால், ஒரு நிறுவனம் மூடப்பட்டால் அதில் பணிபுரிந்தவர் அடுத்த கதவைத் தட்டி வேறொரு நிறுவனத்தில் சேரலாம். தோல்வியில் கற்ற பாடம் கட்டடத்தை விட்டு வெளியேறுவதில்லை. தனியாகத் தொழில் செய்பவருக்குக் கிடைக்காத காப்பு இது.

தெம்பனிஸ் ஏன் பொருத்தமான இடம்?

ஆயர் ராஜா மேற்கில் உள்ளது. தெம்பனிஸ் கிழக்கில் உள்ளது. எம்ஆர்டி ரயிலில் போகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிவிடும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய தாய்க்கோ, வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் மகனுக்கோ அந்தத் தொலைவு பெரிய தடை. வீட்டுக்கு அருகிலேயே பணியிடம் இருக்கவேண்டும் என்ற தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

இந்தத் தேவையைச் சிங்கப்பூர் முன்பே உணர்ந்திருந்தது. 1991ஆம் ஆண்டு கருத்துருத் திட்டம், எல்லாரும் நாள்தோறும் நகர மையத்துக்கே வேலைக்குப் போவதைக் குறைக்க விரும்பியது. அதற்காக வட்டார மையங்களை உருவாக்கத் திட்டமிட்டது. அவற்றுள் முதலில் வளர்ந்தது தெம்பனிஸ். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் அலுவலகங்களின் சில பிரிவுகளை இங்குக் கொண்டுவந்தன. தெம்பனிஸ் எம்ஆர்டி நிலையம் 1989இல் திறக்கப்பட்டது. 2017இல் டௌன்டவுன் ரயில்பாதையும் வந்து சேர்ந்தது.

ஒரு காலத்தில் இங்கே வளர்ந்த, கடினமான மரத்துக்குப் பெயர்பெற்ற தெம்பினிஸ் மரத்தால் இந்த வட்டாரத்துக்கு இப்பெயர் வந்தது. இன்று இங்கே 250,000க்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இவ்வட்டாரத்திலேயே உள்ளது. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகமும் சாங்கி விமான நிலையமும் அருகில் உள்ளன. புதிய எண்ணங்கள் கொண்ட மாணவர்கள், அனுபவம் மிக்க பணியாளர்கள், வாங்குவதற்கு மக்கள் ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருக்கின்றன. மேசைகளை வாடகைக்கு விடும் தனியார் அலுவலகங்களும் இங்கு வந்துள்ளன.

பகிர்ந்து பயன்படுத்துவதன் பயனைத் தெம்பனிஸ் மக்களுக்கு விளக்கவேண்டிய தேவையும் இல்லை. பழைய தெம்பனிஸ் விளையாட்டரங்கம் இருந்த இடத்தில் எழுப்பப்பட்ட ‘நமது தெம்பனிஸ் நடுவம்’ 2017 ஆகஸ்ட் மாதம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நூலகம், நீச்சல் குளங்கள், காற்பந்துத் திடல், உணவங்காடி நிலையம், அரசாங்கச் சேவை நிலையம் எனத் தனித்தனியே கட்டப்பட்டிருக்கக்கூடிய பல அங்கே ஒன்றாக அமைந்துள்ளன. அதைத் திட்டமிடும்போது 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. முதலில் மக்களிடம் கேட்டு, அதன்பின் கட்டியதே அந்த நடுவத்தின் சிறப்பு. கூட்டுப் பணியிடம் தொடங்க விரும்புவோரும் இதே வழியைப் பின்பற்றலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு கணக்கு

கூட்டுப் பணியிடம் நடத்துவதும் ஒரு தொழில்தான். அதன் வரவுசெலவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். 30 மேசைகள் கொண்ட ஓர் இடத்துக்கு வாடகை, மின்சாரம், இணையம், துப்புரவு, மேலாளரின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 9,000 வெள்ளி செலவாகிறது என வைத்துக்கொண்டால், ஒரு மேசைக்கு 300 வெள்ளி வாங்கினால் செலவு ஈடுகட்டப்படும். ஆனால், 30 மேசைகளும் நிரம்பவேண்டும். 20 மேசைகள் மட்டும் நிரம்பினால் வரவு 6,000 வெள்ளி. குறைவு 3,000 வெள்ளி. அந்தக் குறைவை நிரப்பக் கட்டணத்தை 450 வெள்ளியாக உயர்த்தினால், இருப்பவர்களிலும் சிலர் விலகிவிடுவர்.

இதற்கு வேறொரு வழி உண்டு. எல்லாரும் எல்லா நாளும் வருவதில்லை. தையல்காரர் காலையில் வருவார். மாணவர்கள் மாலையில் வருவர். சிலர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே வருவர். ஆகவே, 30 மேசைகளை 45 உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவருக்கு 220 வெள்ளி வாங்கினாலும் 9,900 வெள்ளி வரவாகும். உறுப்பினருக்கும் செலவு குறையும், இடமும் வீணாகாது. ஆனால், யார் எப்போது வருவார் என்பதைக் கவனமாகத் திட்டமிட வேண்டும்.

இன்னொரு பெரிய இடர் ஒப்பந்தக் காலத்தில் உள்ளது. கட்டட உரிமையாளரிடம் இடத்தை எடுப்பவர் பல ஆண்டுகளுக்குக் கையொப்பமிடுகிறார். உறுப்பினர்களோ மாதக் கணக்கில்தான் சேர்கின்றனர். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இடத்தை எடுத்தவர் விலக முடியாது. நியூயார்க்கில் 2010இல் தொடங்கப்பட்ட ‘வீவொர்க்’ நிறுவனம் இதற்கு உலகறிந்த சான்று. உலகெங்கும் கட்டடங்களை நீண்ட காலத்துக்கு எடுத்து விரைவாக வளர்ந்த அது, 2019இன் தொடக்கத்தில் 47 பில்லியன் அமெரிக்க டாலராக மதிப்பிடப்பட்டது. 2020இல் கொவிட்-19 நோய்ப்பரவலால் அலுவலகங்கள் வெறிச்சோடின. வாடகையோ நிற்கவில்லை. 2023 நவம்பரில் அந்நிறுவனம் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

ஆதலால், உள்ளூரில் சிறிய அளவில் தொடங்குவோர் அகலக்கால் வைக்காமல் இருப்பது நல்லது. நியூபெர்க் செய்ததுபோல், பகலில் காலியாக இருக்கும் இடத்தை வாரத்துக்குச் சில நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். தேவை உறுதியானபின் பெரிய இடத்தை எடுக்கலாம். வட்டாரத்தில் எவ்வகைத் தொழில்கள் நடக்கின்றன என்பதையும் முன்கூட்டியே அறியவேண்டும். கணினியில் வேலை செய்பவருக்கு மேசை போதும். உடை தைப்பவருக்கு அகலமான வெட்டுமேசையும் பொருள் வைக்க அலமாரியும் வேண்டும். வணிக அளவில் உணவு தயாரிப்பவருக்கோ சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற சமையற்கூடம் வேண்டும். அலுவலக மேசை அவருக்குப் பயன்படாது.

அறிமுகம் செய்துவைக்கும் ஒருவர்

கூட்டுப் பணியிடங்களில் பொதுவாகச் சமூக மேலாளர் என்று ஒருவர் இருப்பார். கட்டணம் வசூலிப்பதும் அச்சுப்பொறியில் தாள் நிரப்புவதும் அவருடைய வேலையின் சிறுபகுதியே. யார் என்ன செய்கிறார், யாருக்கு என்ன தேவை என்பதை அறிந்து, ஒருவரை மற்றவரிடம் அறிமுகம் செய்வதே அவருடைய முதன்மைப் பணி.

உடை தைப்பவருக்கு இணையத்தில் இடுவதற்கு நல்ல புகைப்படங்கள் தேவை. இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருக்கும் புகைப்படக்காரருக்கு வரவுசெலவுக் கணக்கு எழுதத் தெரியாது. மூலையில் உள்ள கணக்காளருக்கு ஒரு வலைப்பக்கம் வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் வலைப்பக்கம் அமைக்கக் கற்றிருக்கிறார். ஆனால் அவருக்கு இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கிடைத்ததில்லை. இந்த நால்வரும் ஒருவரையொருவர் அறியாமல் ஓராண்டு முழுவதும் ஒரே அறையில் அமர்ந்திருக்கக்கூடும். செவியில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு தத்தம் திரையைப் பார்த்திருந்தால் அது கூட்டுப் பணியிடமன்று. வாடகை மேசைகள் நிறைந்த அறை மட்டுமே. சேர்ந்து உண்ணும் ஒரு மதிய உணவும், ‘இந்த வாரம் உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?’ என்ற ஒரு கேள்வியும் அந்த அறையை மாற்றிவிடும்.

நம்பிக்கையைக் கட்டுவது எப்படி?

இங்கேதான் கிட்டங்கிக்கும் இன்றைய கூட்டுப் பணியிடத்துக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. கிட்டங்கியில் இருந்தோர் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். இன்றைய பணியிடத்தில் சேர்வோர் முன்பின் அறியாதவர்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், வெளிநாட்டவர் எனப் பலரும் வருவர். இளையோரும் முதியோரும், ஆண்களும் பெண்களும் அருகருகே அமர்வர். கதவு எல்லாருக்கும் திறந்திருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால், ஆயத்தமாகக் கிடைத்த நம்பிக்கை இப்போது கிடைப்பதில்லை. அதை அங்கேயே கட்டியெழுப்ப வேண்டியுள்ளது.

‘என் எண்ணத்தைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர் திருடிக்கொள்வாரோ?’ என்ற அச்சம் புதிய தொழில்முனைவர்களிடம் இயல்பாக உண்டு. அந்த அச்சம் முற்றிலும் தவறானதன்று. எனவே, நல்ல பணியிடங்கள் சில விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கின்றன. மற்றவரின் திரையையும் ஆவணங்களையும் பார்க்கக் கூடாது. கூட்ட அறையில் கேட்டதை வெளியே பேசக் கூடாது. வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பூட்டிய அலமாரியில் வைக்கவேண்டும். பொதுக் கருவிகளைப் பயன்படுத்தியபின் தூய்மை செய்து வைக்கவேண்டும். தொலைபேசியில் உரக்கப் பேசுவது முதல் குளிர்சாதனப் பெட்டியில் பிறர் உணவை எடுப்பதுவரை சிறிய சச்சரவுகளும் எழும். அவற்றைத் தீர்க்கும் முறையும் அந்த விதிகளில் இருக்கவேண்டும்.

விதிகள் அச்சத்தைக் குறைக்கும். ஆனால், நம்பிக்கையை வளர்ப்பது உதவிதான். முதலில் ஒருவர் கேட்காமலே உதவுகிறார். அடுத்த வாரம் அந்த உதவி வேறொரு வடிவில் அவருக்குத் திரும்பி வருகிறது. ஒருவருக்குத் தெரிந்ததை மறைத்து வைப்பதால் கிடைக்கும் ஆதாயத்தைவிட, பகிர்வதால் கிடைக்கும் ஆதாயம் பெரிது என்பதை உறுப்பினர்கள் மெல்ல மெல்ல உணர்கின்றனர். ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்ற பழமொழி குடும்பத்துக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் பொருந்துகிறது.

மீண்டும் அந்த உணவு மேசை

தெம்பனிஸ் வீட்டின் உணவு மேசையில் உடைகளை உறையிலிட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்குக் கூட்டுப் பணியிடம் எல்லாச் சிக்கல்களையும் தீர்த்துவிடாது. அவர் தைக்கும் உடை நன்றாக இருந்தால்தான் விற்கும். மாதக் கட்டணத்தைச் செலுத்தும் அளவுக்கு வருமானம் வரவேண்டும். சில மாதங்களில் தொழில் சரிவர நடக்காமலும் போகலாம்.

ஆயினும், சில மாற்றங்கள் உறுதியாக நிகழும். உதவிக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ள அவருக்கு ஓர் இடம் இருக்கும். துணி வணிகரைச் சந்திக்க ஒரு கூட்ட அறை இருக்கும். கணக்கில் ஐயம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து மேசையில் ஒருவர் இருப்பார். தொழில் நடக்கவில்லை என்றால், பல ஆண்டு ஒப்பந்தத்தின் சுமையில்லாமல் அவரால் விலகவும் முடியும். எவ்வளவு இழக்க நேரிடும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால், துணிந்து முயன்று பார்க்க அவருக்கு மனம் வரும்.

வீட்டில் உணவு மேசை மீண்டும் உணவு மேசையாகும். இரவு ஒன்பது மணிக்கு மகள் கணிதப் பாடத்தில் ஓர் ஐயம் கேட்டால், முகவரி ஒட்டும் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்லவேண்டிய தேவை தாய்க்கு இருக்காது.